சமையல்கட்டில் பா நம்

எங்கள் தலைமை டாக்டர் கைத்தடியின் முனையால் அந்தப் பெட்டியைத் தட்டிப் பார்த்தார். கனமான ஓசை வந்தது.

“நல்ல மரம். என்ன பெட்டி இது, முசே சூசை?” என்று பிரெஞ்சில் கேட்டார்.

சைகோனில் என் வீட்டுச் சமையல்கட்டு. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அடுப்பில் காப்பிக்கு வைத்த தண்ணீர் தளதளத்தது. ஆள் நீளத்துக்கு இருந்த அந்தப் பெட்டியின் மேல் என் மனைவி பிலோமினா, எங்கள் கல்யாணத்துக்கு வந்த பூப்போட்ட மேசை விரிப்பை விரித்திருந்தாள். விரிப்பின் மேல் டாக்டருடைய சோலா தொப்பியும் என்னுடைய சோலா தொப்பியும் சிநேகிதர்கள் போல ஒட்டி உட்கார்ந்திருந்தன.

அது பக்கத்து வீட்டு அரிசிப் பெட்டி என்று எனக்குத் தெரியும். ஆனாலும் உள்ளே எலி புகுமா, புழு இருக்கிறதா என்று டாக்டர் அடுத்தபடியாகக் கேட்பாரே! பிலோமினாவிடம் தமிழில், “உள்ள என்ன வெச்சிருக்கே?” என்று கேட்டேன்.

அவள் முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தது. உதடு அசையாமல் சொன்னாள்: “பா நம் இருக்காங்க.”

“என்னது?”

“பக்கத்து வீட்டு பா நம். உள்ளதான் படுத்திருக்காங்க. கத்தாதீங்க.”

பா நம் என்ற அந்த அம்மாள் இறந்து அன்றைக்கு மூன்றாம் நாள். அடக்கம் முடிந்துவிட்டது என்று சுகாதார ஆபீசுக்குக் கைப்பட எழுதிக் கொடுத்த அதிகாரி நான்.

“மதாம் என்ன சொல்கிறார்?” என்றார் டாக்டர்.

டாக்டர் கொஞ்சம் அங்கேயே நிற்கட்டும். நான் என்ன பதில் சொன்னேன் என்பதைவிட, அப்படி நிற்கும் நிலைக்கு எப்படி வந்தேன் என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

தொப்பி

கப்பல் பயணத்தைப் பற்றி நான் முன்பு எழுதியதைப் படித்த வாசகி ஒருவர், “சைகோனில் உங்களுக்கு என்ன உத்தியோகம் என்று சொல்லாமலே நழுவுகிறீர்களே?” என்று கேட்டிருந்தார். உண்மைதான். நழுவித்தான் பார்த்தேன்.

காரைக்காலில் பிரெவே என்ற பிரெஞ்சுப் பள்ளிப் பரீட்சையில் தேறியவன் நான். பிரெஞ்சு எழுத்துப் பிழையில்லாமல் எழுதுவேன். வேறொன்றும் தெரியாது. சைகோன் நகரசபையில் எங்களூர்க்காரர்கள் நிறையப் பேர் குமாஸ்தாவாக இருந்தார்கள். அவர்களில் ஒருவர் கைகாட்ட, சுகாதாரப் பிரிவில் சோதனை அதிகாரியாகச் சேர்ந்தேன். வெள்ளை டிரில் கோட்டு, பித்தளைப் பொத்தான், வெயிலுக்குப் போடும் சோலா தொப்பி. முதல் உலக யுத்தம் முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்த சமயம்.

சட்டங்கள் எனக்கு மனப்பாடம். ஒருவன் எப்படிப்பட்ட வீட்டில் குடியிருக்கலாம், எதைத் தின்னலாம், செத்துப்போனால் எவ்வளவு சீக்கிரம் மண்ணுக்குள் போக வேண்டும் என்பதெல்லாம் என் நாக்கு நுனியில் இருந்தது. மரங்கள் நிழலடிக்கும் வெள்ளைக்காரர் தெருக்களுக்கு மட்டும் இந்தச் சட்டங்கள் அதிகம் போவதில்லை. அங்கே எலி செத்துக் கிடந்தால் அது தோட்டத்து எலி. எங்கள் சந்தில் செத்துக் கிடந்தால் அது பிளேக். இந்த வித்தியாசத்தை நான் அந்தக் காலத்தில் விஞ்ஞானம் என்று நம்பினேன்.

என் மூக்கைப் பற்றி எனக்குப் பெரிய கர்வம். “சுவருக்கு அந்தப் பக்கம் அழுகின மீன் இருந்தாலும் சொல்லிடுவேன்” என்று சக குமாஸ்தாக்களிடம் பீற்றிக்கொள்வேன். தினமும் கார்பாலிக் மருந்தை முகர்ந்து முகர்ந்து அந்த மூக்கு எப்போதோ செத்துப்போயிருந்தது. பிலோமினா குழம்பைத் தீய விட்ட நாட்களில்கூட நான் தலையை ஆட்டிச் சாப்பிட்டிருக்கிறேன். அவளுக்கு இது தெரியும். எனக்குத்தான் தெரியாது.

பக்கத்து வீடு

நாங்கள் இருந்தது சந்தைக்குப் பின்னால், சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகள் ஒன்றில். பக்கத்து வீட்டில் வியட்நாமியத் தாயும் மகளும். அன்னாமியர் என்றுதான் அப்போது அவர்களைச் சொல்வோம். மகள் பெயர் லான். தாயை எல்லோரும் பா நம் என்பார்கள். பா என்றால் அம்மணி, நம் என்றால் ஐந்து. பிறந்த வரிசை எண்ணையே பெயராக வைத்துக் கூப்பிடுவது அவர்கள் வழக்கம். மூத்த பிள்ளைக்கே இரண்டு என்றுதான் எண் தொடங்கும்; ஒன்று கிடையாது. ஏன் என்று யாரும் எனக்கு விளக்கவில்லை.

பா நம் வீட்டு வாசலில் மீன் சூப்பு விற்பார். கட்டை குட்டையான உருவம், வெற்றிலைக் கறை படிந்த பல், முன்னால் துருத்திய முகவாய். அந்த முகவாயைப் பார்த்தாலே ஆள் எதற்கும் இறங்கிவர மாட்டார் என்று தெரிந்துவிடும்.

வெயிலுக்காக வாசலில் கீற்றுச் சாய்ப்பு ஒன்று இறக்கியிருந்தார். நகர எல்லைக்குள் கீற்று வேயக் கூடாது. எலி குடியேறும், தீப்பிடிக்கும். நான் போய்ச் சட்டத்தைச் சொன்னேன். அவர் கரண்டியை நிறுத்தாமல், “சரி” என்றார். மறுநாள் கீற்று இல்லை. பழைய பாய் தொங்கியது. பாயும் கூடாது என்றேன். அதற்கு மறுநாள் கப்பல் பாய்த்துணி. அதைப் பற்றிச் சட்டத்தில் ஒரு வார்த்தை இல்லை. நான் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன்.

“என்ன, இன்னைக்கு ஒண்ணும் சொல்லலியா?” என்றார் பா நம்.

“யோசிச்சுச் சொல்றேன்” என்றேன்.

சந்தில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். தொப்பியைச் சரிசெய்துகொண்டு போனேன். தொப்பி நேராகத்தான் இருந்தது.

அப்புறம் சூப்புப் பானை. தெருவில் விற்கும் சாப்பாட்டை ஈ மொய்க்காமல் கம்பி வலையால் மூட வேண்டும். தினமும் காலையில் ஆபீசுக்குப் போகும் வழியில் நின்று, “மூடியிருக்கீங்களா?” என்று கேட்பேன். “மூடித்தான் இருக்கேன்” என்பார். பார்த்தால் வலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், அதன் மேல் அவருடைய பூனை தூங்கும். மழை பெய்த மறுநாள் கூரை ஒழுகியதா, கொல்லையில் தண்ணீர் தேங்கியதா என்றும் பார்ப்பேன். கொசுப் புழுவுக்காக. ஒருநாள் வலை இல்லை என்பதற்காக ஒரு பானை சூப்பையும் சாக்கடையில் கொட்ட வைத்தேன். பா நம் அன்றைக்கு என்னைத் திட்டிய திட்டில் பாதிதான் எனக்கு மொழி தெரிந்து புரிந்தது. அந்தப் பாதியே தாராளம்.

அன்று சாயங்காலம் பிலோமினாவிடம் இந்த வீரத்தைச் சொன்னபோது, அவள் கையில் கிண்ணத்தோடு அப்படியே நின்றாள்.

“அப்ப நாளைக்கு உங்களுக்கு எப்படி வாங்குறது?” என்றாள்.

“எதை?”

“சூப்பைத்தான். மாசக் கணக்கா விடியக்காலையில நீங்க நல்லாருக்கு நல்லாருக்குன்னு குடிக்கிறது என்னன்னு நெனச்சீங்க? நான் வெச்ச ரசம்னா?”

நான் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

பெட்டி

அந்த வீட்டுக்குள் சோதனைக்குப் போன முதல் நாளே பெட்டியைப் பார்த்திருக்கிறேன். கட்டிலுக்கு அருகில், அரக்குப் பூசி, கருஞ்சிவப்பாக மின்னும். “உள்ள என்ன?” என்றேன். பா நம் மூடியைத் திறந்து காட்டினார். அரிசி. எலி புக இடமில்லாத நல்ல மூடி. சந்தோஷமாக, “இந்த மாதிரி எல்லாரும் வெச்சுக்கணும்” என்று பாராட்டிவிட்டு வந்தேன். அன்றைக்கு அவர் என்னைப் பார்த்து முதல் தடவையாகச் சிரித்தார்.

வயதானவர்கள் தங்கள் சவப்பெட்டியை முன்கூட்டியே நல்ல மரத்தில் செய்து வீட்டிலேயே வைத்துக்கொள்வார்கள், நாள் வரும்வரை அதில் அரிசி கொட்டி வைப்பார்கள் என்பது பிரெவே பரீட்சைக்குப் பாடமாக இல்லை.

காலரா மாதம்

மழைக்கு முந்திய வெயிலில் காலரா வந்தது. சைகோனை ஒட்டிய சீனர் பகுதியான சோலோன் பக்கம் தொடங்கி, வாய்க்கால் வழியாக எங்கள் பக்கம் நகர்ந்தது. உத்தரவுகள் இறுகின. எந்த நோயில் செத்தாலும் சரி, மறுநாள் காலைக்குள் அடக்கம். ஊர்வலம், கூட்டம் கூடாது. வீட்டுக்கு மருந்தடித்து வெள்ளையடிக்க வேண்டும். அந்த ஊர்க்காரர்களுக்கு இது பேரிடி. நல்ல நாள் பார்த்து, உறவெல்லாம் வந்து சேரும்வரை பெட்டியை வீட்டில் வைத்திருப்பது அவர்கள் முறை. நான் தெருத் தெருவாகப் போய் உத்தரவை உரக்கப் படித்தேன். என் உச்சரிப்பில் அது யாருக்கும் புரிந்திருக்காது என்பது ஒரு நிம்மதி.

அந்தச் சமயத்தில்தான் பா நம் இறந்தார். சூப்பு இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. தலைமை டாக்டரே வந்து பார்த்தார். காலரா இல்லை, வயதான இதயம் நின்றுவிட்டது என்று சொல்லி அடக்க அனுமதிச் சீட்டைக் கொடுத்தார். ஆனால் உத்தரவு எல்லோருக்கும் பொது. மறுநாள் காலைக்குள் முடிய வேண்டும்.

லான் அழவில்லை. “அண்ணன் வரணும்” என்று மட்டும் என்னிடம் சொன்னாள். அண்ணன் ஹாய், மேற்கே கம்போஜ எல்லைப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் வேலை செய்தார். தந்தி அடித்தாயிற்று; ஆற்றுப் படகில் வர வேண்டும்.

“உத்தரவு அப்படி இருக்கே, நான் என்ன செய்ய?” என்றேன். அனுதாபமாகத்தான் சொன்னேன். ஆனால் சொல்லும்போது கை தானாகப் பொத்தானைத் தடவியது.

மறுநாள் காலையில் மருந்தடிக்கும் ஆட்களோடு போனேன். கட்டில் காலி. பெட்டியும் இல்லை. “அம்மா எங்க?” என்றேன். “போயிட்டாங்க” என்றாள் லான். தலையில் துக்கத்துக்கான வெள்ளைத் துணி. கல்லறைத் தோட்டத்துக்குப் போய் விசாரித்து உறுதி செய்ய வேண்டும் என்பது விதி. அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளந்தது. நிழலில் உட்கார்ந்து ‘அடக்கம் முடிந்தது’ என்று எழுதினேன்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தால் சமையல்கட்டில் அந்தப் பெட்டி.

“லான் வீட்டுல வெள்ளையடிக்கிறாங்கல்ல? ரெண்டு நாள் இங்க இருக்கட்டும்னேன்” என்றாள் பிலோமினா. கொல்லைப்பக்கம் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு கதவு உண்டு.

“அரிசிப் பெட்டிதானே, இருக்கட்டும்” என்றேன்.  பா நம்மை எதில் வைத்து எடுத்துப் போயிருப்பார்கள் என்று நான் யோசிக்கவே இல்லை. அதில் உட்கார்ந்துதான் பூட்ஸைக் கழற்றினேன்.

பெட்டியின் மேல் ஒரு கிண்ணத்தில் சோறு, அதன் மேல் உரித்த அவித்த முட்டை. எனக்கு வைத்திருக்கிறாள் என்று முட்டையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். “உப்புப் போடலையே” என்றேன். பிலோமினா சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். உப்புக்காகவா இப்படி என்று நினைத்தேன்.

மறுநாளும் சோறும் முட்டையும் இருந்தன. மறுநாளும் தின்றேன். பக்கத்தில் ஊதுவத்தி எரிந்தது. “என்ன இது, நம்ம வீட்டுல?” என்றால், “கொசுவுக்கு” என்றாள். என் மூக்குக்கு அது ஊதுவத்தி என்று தெரிந்ததே பெரிது.

மொழிபெயர்ப்பு

இப்போது டாக்டரிடம் திரும்பலாம். ரொம்ப நேரமாக நிற்கிறார்.

மழைக்கு ஒதுங்க இடம் தேடியவரை வற்புறுத்தி அழைத்து வந்தவன் நான்தான். “என் வீடு முன்மாதிரி வீடு, டாக்டர். பார்த்தே ஆக வேண்டும்” என்று வாசலிலிருந்து சமையல்கட்டு வரை சுற்றிக் காட்டினேன். பிலோமினா என் கோட்டு நுனியைப் பிடித்து இழுத்தாள். அவளுக்கு வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

“மதாம் என்ன சொல்கிறார்?”

“இது பக்கத்து வீட்டு அம்மாளுடையது என்கிறாள், டாக்டர்.”

“உள்ளே என்ன?”

“என்ன கேக்குறாரு?” என்றாள் பிலோமினா.

“உள்ள என்னன்னு கேக்குறாரு.”

“மாதாவே! நீங்கதான் சொல்லுங்களேன்!”

நான் பிரெஞ்சுக்கு மாறினேன். “அந்த அம்மாளுக்கு… மிகவும் நெருக்கமானது, டாக்டர்.”

டாக்டர் அந்த நாட்டில் பல வருஷம் இருந்தவர். குனிந்து மேசை விரிப்பின் ஓரத்தைத் தூக்கினார். அரக்குப் பூசிய மூடியைப் பார்த்தார். அவருடைய மூக்கு உயிரோடு இருந்தது. பிணவாடை வராமலிருக்கப் பெட்டிக்குள் நிரப்பியிருந்த தேயிலையின் வாசனை அவருக்கு எட்டியிருக்க வேண்டும். சோற்றுக் கிண்ணத்தைப் பார்த்தார். மேலே முட்டை இல்லாததையும் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

பிறகு தம் தொப்பியைப் பெட்டியிலிருந்து மெதுவாக எடுத்தார். தலையில் வைத்துக்கொள்ளவில்லை. கையிலேயே பிடித்துக்கொண்டார்.

“முசே சூசை, நாளை மாலை நகரசபை உறுப்பினர்கள் இருவரை அழைத்து வந்து உங்கள் முன்மாதிரி வீட்டைக் காட்டலாம் என்று இருக்கிறேன். அதற்குள் இந்தச் சாமான் சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்துவிட வேண்டும். சமையல்கட்டில் இடத்தை அடைக்கிறது” என்றார்.

காப்பி குடிக்காமல், மழை விடுவதற்கும் காத்திருக்காமல் போய்விட்டார்.

நான் உட்கார இடம் தேடினேன். வழக்கமான இடத்தில் இனி உட்கார முடியாது.

“என் வேலை போயிரும், பிலோமி! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“சொன்னா சட்டம் சொல்லுவீங்க.”

“ஊருல இத்தனை வீடு இருக்க நம்ம வீடுதானா கெடச்சுது?”

“சோதனை போடாத வீடு இது ஒண்ணுதானே!” என்றாள். பிறகு குரல் இறங்கிவிட்டது. “எங்கம்மா செத்த தந்தி வந்து நாம கப்பலுக்குக் கேக்கறதுக்குள்ள காரைக்கால்ல எல்லாம் முடிஞ்சுபோச்சு. நான் ஒரு பிடி மண்ணு போடல. அந்தப் புள்ளயாவது வந்து போடட்டுமே. தாய் பெட்டியப் பாத்துக்கிட்டே பின்னுக்கு நடந்து போகணுமாம் மூத்த மவன். லான் சொன்னா. அத எப்படிங்க வேணாம்னு சொல்றது?”

அவள் தாய் இறந்தபோது நான் என்ன செய்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஆபீசுக்கு விடுப்பு எழுதிக் கொடுத்தேன். வேறொன்றும் ஞாபகம் வரவில்லை.

“அந்த முட்டை?” என்றேன்.

“அவங்களுக்கு வெச்சது. லான் ஒண்ணும் கோவிச்சுக்கல. பசிச்சவரு தின்னா அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டாங்கன்னா.”

படகுத்துறையில்

மேற்கிலிருந்து வரும் படகு மறுநாள் காலையில் துறைக்கு வரும். அதில் ஹாய் வராவிட்டால் அவர் இல்லாமலே எடுத்துப் போக வேண்டியதுதான். லான் தாயை விட்டு நகர மாட்டாள். “நீங்க போய்க் கூட்டிட்டு வாங்க” என்றாள் பிலோமினா. அவரை நான் பார்த்ததே இல்லை. “அம்மா மாதிரியே இருப்பாரு” என்றாள் லான்.

துறையில் கூட்டம். படகிலிருந்து இறங்கும் ஒவ்வொருவர் முகவாயாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில் வந்தது அந்த முகவாய். அதே துருத்தல், அதே பிடிவாதம். தோளில் மூட்டை. நான் கையை உயர்த்திக்கொண்டு அவரை நோக்கி நடந்தேன்.

காலரா மாதத்தில், சோலா தொப்பியும் பித்தளைப் பொத்தானுமாக ஒருவன் கையைத் தூக்கிக்கொண்டு படகுப் பயணியை நோக்கி வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: பிடித்துக்கொண்டு போய்த் தனிமைக் கொட்டகையில் அடைக்கப் போகிறான். ஹாய் மூட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓடத் தொடங்கினார்.

நானும் ஓடினேன். வாழைத்தார்களைத் தாண்டி, கோழிக் கூடைகளை இடித்துக்கொண்டு. கயிற்றில் கால் தட்டியபோது தொப்பி பறந்து ஆற்றில் விழுந்தது. விட்டுவிட்டு ஓடினேன். “உங்கம்மா என் வீட்டுல இருக்காங்க!” என்று அவர்கள் மொழியில் கத்தினேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அவர்கள் மொழியில் ‘மா’ என்றால் அம்மா. ஆனால் குரலை உயர்த்திச் சொல்ல வேண்டும். சமமாகச் சொன்னால் பேய். குரலை இறக்கி வளைத்தால் கல்லறை. மூச்சிரைக்க ஓடுகிறவனுக்குக் குரல் எந்தப் பக்கம் போகும் என்று யார் கண்டது? “உன் பேய் என் வீட்டுல இருக்கு!” என்று துறை முழுக்கக் கேட்கக் கத்தியிருக்கிறேன். அடுத்த தடவை திருத்திக்கொண்டு, “உன் கல்லறை என் வீட்டுல இருக்கு!” என்றேன்.

மீன்காரிகள் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார்கள். ஹாய் இன்னும் வேகமாக ஓடினார்.

ரிக்‌ஷாக்கள் வழியை அடைத்துக்கொண்ட ஒரு முக்கில் அவர் நின்றேயாக வேண்டியதாயிற்று. நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினேன். பேச்சு வரவில்லை. “பா நம்… லான்…” என்று பெயர்களை மட்டும் சொன்னேன். அவர் தொப்பியில்லாத என் தலையையும் வியர்வையையும் பார்த்தார்.

“இன்னும் எடுக்கலையா?” என்று மெல்லக் கேட்டார்.

“இல்ல. உங்களுக்காகத்தான்…” என்றேன்.

அவர் அங்கேயே, ரிக்‌ஷாக்களுக்கு நடுவில், குந்தி உட்கார்ந்து அழுதார்.  மூட்டையைத் தூக்கிக்கொண்டேன்.

அடக்கம்

ஊர்வலம் கூடாது என்பதால் கொம்பு, மேளம் ஒன்றும் இல்லை. தூக்க அவர்கள் உறவில் நாலு பேர், லான், பிலோமினா, நான். ஹாய் வெள்ளை உடுத்தி, ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு, பெட்டிக்கு முன்னால், அதைப் பார்த்தபடி பின்னுக்கே நடந்தார். ஒவ்வொரு அடியையும் கால் தடவி வைத்தார். மழையில் சந்து சேறாகிக் கிடந்தது. சந்தில் இருந்தவர்கள் சொல்லாமலே வந்து வழியில் கிடந்த கூடைகளையும் கற்களையும் அப்புறப்படுத்தினார்கள். 

கல்லறைத் தோட்டக் காவலாளி அனுமதிச் சீட்டை வாங்கிப் பார்த்து, “இது பழைய தேதியாச்சே” என்றான்.

நான் முன்னால் வந்தேன். “நான் சொல்றேன், விடு. நான் சுகாதார அதிகாரி.”

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். கோட்டெல்லாம் சேறு, ஒரு பொத்தான் இல்லை. “அதிகாரிக்குத் தொப்பி இருக்குமே” என்றான்.

சட்டத்தை ஒப்பிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். லான் குறுக்கே வந்து, “இவரு எங்க பக்கத்து வீட்டுக்காரரு” என்றாள்.

“அப்படிச் சொல்லுங்க” என்று காவலாளி கதவைத் திறந்தான்.

மண் போடும்போது பிலோமினாவும் ஒரு பிடி எடுத்துப் போட்டாள். போட்டுவிட்டு இன்னொரு பிடி எடுத்தாள். அது யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

அன்று மாலை முன்மாதிரி வீட்டைப் பார்க்க ஒருவரும் வரவில்லை. இரண்டு நாள் கழித்துத் தலைமை டாக்டர் என்னைக் கூப்பிட்டார்.

“முசே சூசை, ஒரே அம்மாளை நீங்கள் இரண்டு தடவை அடக்கம் செய்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். இவ்வளவு சுறுசுறுப்பு இந்தப் பிரிவுக்கு அதிகம்” என்றார். சிரிக்கவில்லை. கோபமாகவும் இல்லை.

சோலோன் கசாப்புக் கூடத்துக்கு மாற்றினார்கள். வெட்டின பன்றிகளின் மேல் முத்திரை குத்தும் வேலை. புதுத் தொப்பி கேட்டு எழுதினேன். அந்த வேலைக்குத் தொப்பி தேவையில்லை என்று பதில் வந்தது.

விடைபெற வந்தவர்

ஊருக்குத் திரும்புவதற்கு முன் ஹாய் எங்கள் வீட்டுக்கு வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். கொஞ்சம் பிரெஞ்சு, கொஞ்சம் அவர் மொழி என்று கலந்து பேசினோம்.

“துறையில நீங்க யாருன்னு தெரியாம ஓடிட்டேன். மன்னிக்கணும். அப்புறம்தான் லான் சொன்னா. நீங்கதானே அந்த சா வா?”

தமிழர்களை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். எந்த சா வா என்று எனக்குப் புரியவில்லை. பானையைக் கொட்டிய சா வாவா, முட்டையைத் தின்ற சா வாவா? எதுவாக இருந்தாலும் ஒப்புக்கொள்ளத் தயாராக நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“எனக்கு அம்மாவையும் லானையும் தனியா விட்டுட்டுப் போயிட்டமேன்னு கவலை. எங்க பக்கம் வர்றவங்ககிட்ட அம்மா சொல்லி அனுப்புவாங்க” என்றார் ஹாய். “‘என்னப் பத்திக் கவலப்படாதே. இங்க ஒரு சா வா இருக்கான். தெனமும் காலையில வந்து என்னப் பாத்துட்டுத்தான் வேலைக்குப் போறான். சாப்பாட்ட மூடி வெச்சிருக்கியான்னு கேக்குறான். மழை பேஞ்சா கூரை ஒழுகுதான்னு வந்து பாக்குறான். ஒருநாள் தவற மாட்டான்’னு சொல்லுவாங்க. பெத்த புள்ள நான் ஒருநாள் அப்படி வந்து கேட்டதில்ல.”

எழுந்து, தரையில் தலை படக் கும்பிட்டார்.

பா நம் என்னைக் கேலி செய்யத்தான் அப்படிச் சொல்லியனுப்பினாரா, மகனைத் தேற்றச் சொன்னாரா, அல்லது நிஜமாகவே அப்படி நினைத்தாரா என்று எனக்கு இன்றைக்கு வரை தெரியாது. அவர் முகவாயை வைத்து எதையும் ஊகிக்க முடியாது.

“அம்மாவப் பாக்க தெனமும் போவீங்களாமே?” என்று தலை நிமிர்ந்து கேட்டார் ஹாய்.

பிலோமினா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆமா, தெனமும் போவேன்” என்றேன்.

காப்பி கொண்டுவருகிறேன் என்று அவள் சட்டென்று உள்ளே போனாள். சிரிக்கத்தான் போகிறாள் என்று நினைத்தேன். காப்பி வர வெகுநேரமாயிற்று. வந்தபோது அவள் கண்கள் சிவந்திருந்தன. சர்க்கரை போட மறந்திருந்தாள். நானும் ஹாயும் அதை அப்படியே குடித்தோம்.